செங்கல்லை வைச்சது நான்தான்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன்னுதான் எப்பவும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை பாதிதான் நல்லா இருக்கேன். இடது பாதி. எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், மன்னிச்சுக்கோ. வலது மணிக்கட்டு ரெண்டு இடத்துல முறிஞ்சு மாவுக்கட்டுல தொங்குது. பதறாதே, உயிருக்கு ஒண்ணுமில்லை.

போன வாரம் காலை டிரிப் முடிச்சு, பஸ்ஸை டிப்போவில விட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். பொழுது சாயற நேரத்துல பால் வாங்கக் கீழே போய்ட்டுத் திரும்பினேன். எங்க கட்டிடத்துத் தெருக்கதவு எப்பவும் போல செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து கிடந்தது. பூட்டு கெட்டு மாசக்கணக்காச்சு. கதவு மூடிடுச்சுன்னா வெளியில இருந்து எந்தச் சாவிக்கும் திறக்காது. அதனால கடைசியா வெளியே போறவங்க செங்கல்லை வைச்சுட்டுப் போறதுதான் எங்க வழக்கம். ரெண்டாவது மாடித் திருப்பத்துல பல்பும் எரியலை. அங்க ஒருத்தன் நின்னுட்டிருந்தான். பையைப் பிடிச்சு இழுத்தான். நான் விடற ஆளா? நானும் இழுத்தேன். உதைச்சுட்டான். படியில உருண்டேன்.

பையும் போனும் போச்சு. பால் படியெல்லாம் ஓடினதுதான் மிச்சம். போலீஸ் தேடறாங்க. கட்டு பிரிச்சப்புறம் ஸ்டியரிங் பிடிக்க முடியுமான்னு டாக்டரால இப்ப சொல்ல முடியலை. எனக்கு அந்தப் பயம் ஒண்ணுதான்.

புதுப் போன் வாங்கினாலும் உனக்குக் கடிதம்தான். இடது கைக்குப் பழக்கம் வேணுமாம். போன்ல பேசினா அத்தான் ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவார், அது வேற.

அத்தானுக்கு வணக்கம். உங்க மாடியில குடியிருக்கிற டீச்சரைக் கேட்டதாச் சொல்லு.

உன் தங்கச்சி


மார்ச் 11

என் கண்ணு தங்கச்சிக்கு,

உன் கடிதம் பாத்ததுல இருந்து கையும் ஓடலை, காலும் ஓடலை. அந்த எழுத்தைப் பாத்தே அழுதுட்டேன். முட்டிவலி இல்லாட்டி அடுத்த வண்டியிலேயே வந்திருப்பேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. வலது கையை எதுக்கும் ஊனாதே.

தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோ. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இருட்டுப் படியில ஒருத்தன் நிக்கறான்னா பையைக் கொடுத்துட்டு வர வேண்டியதுதானே? சின்ன வயசுலயே பென்சிலைக் கூட ஒருத்தருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டே. வேற நல்ல வீடாப் பாத்து மாறிடு. வம்பு வழக்குன்னு எதுலயும் இறங்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

இங்க எல்லாரும் சௌக்கியம்.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கு? தைலம் தேய்க்கிறியா, இல்லை பாட்டிலைப் பாத்துட்டு வைச்சுடறியா?

நீ பயந்த மாதிரியே வம்புல இறங்கிட்டேன். வீட்டுக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் போயாச்சு. அவர் பேரை நாங்க யாரும் சொல்றதில்லை. "அப்புறம் பார்க்கலாம்"னுதான் கூப்பிடறது. பூட்டுன்னா அப்புறம் பார்க்கலாம், பல்புன்னா அப்புறம் பார்க்கலாம். மாசம் பொறந்து வாடகைன்னா மட்டும் இப்பவே பாக்கணும். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோட வந்தார். "எல்லாம் நம்ம கெட்ட நேரம்மா"ன்னார். "நம்மங்கிறீங்களே, உங்களுக்கு எந்தக் கை முறிஞ்சது?"ன்னு கேட்டேன். ஆப்பிளை வைச்சுட்டு நகர்ந்துட்டார்.

வக்கீலம்மா சின்னப் பொண்ணுதான், ஆனா பேச்சு கத்தி. தெருக்கதவும் படிக்கட்டும் குடித்தனக்காரங்க பொறுப்பு இல்லை, சொந்தக்காரர் பொறுப்பு; கெட்டுப்போச்சுன்னு சொல்லியும் சரி பண்ணாம விட்டு, அந்த வழியா ஒருத்தன் வந்து அடிச்சா அவர் பதில் சொல்லியாகணும்னு சொல்றாங்க. இதுக்கெல்லாம் தனியா ஒரு சின்னக் கோர்ட் இருக்காம், இழுத்தடிக்க மாட்டாங்களாம்.

டீச்சர் என்னைக் கேட்கவே இல்லையா? போன வருஷம் லீவுல வந்தப்ப ஒரு மாசம் அவங்களோட சீட்டாடியே தீர்த்தேனே. அவங்க சிரிச்சா வீடே சிரிக்கும். மாடிப் பின்கதவுத் தாழ்ப்பாள் பிடிக்காம நாற்காலியை முட்டுக் கொடுத்து வைப்பாங்க. வெளி இரும்புப்படி நேரா அந்தக் கதவுக்குத்தானே வருது? அத்தானைச் சரி பண்ணச் சொல்லு. என் கதையைக் கேட்டப்புறமாவது பண்ணட்டும்.

உன் தங்கச்சி


ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். மாவுக்கட்டு பிரிச்சாச்சா?

நோட்டீஸ் விஷயத்தை உன் அத்தான்கிட்ட சொன்னேன். ஒரு மணி நேரம் கத்தினார். வீட்டை வாடகைக்கு விட்டா வாசல்ல கம்பு வைச்சுக்கிட்டுக் காவலும் காக்கணுமான்னு கேட்கிறார். திருடினவன் எங்கேயோ ஜாலியா இருக்கான், வீடு கொடுத்தவர் கோர்ட்டுல நிக்கணுமா? இது எந்த ஊர் நியாயம்? எனக்கும் அது சரியாத்தான் படுது. வீட்டுக்காரங்க கஷ்டம் உனக்குத் தெரியாது. ஆணி அடிக்கக் கூட ஆள் வரமாட்டேங்கிறான், வந்தா வாயில வந்ததைக் கேட்கிறான். குடியிருக்கிறவங்களும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு அம்மா உன்னைப் பாத்துத்தான் சொல்லுவா. வாபஸ் வாங்கு. மாடியில பெயிண்ட் வேலை நடக்குது, ஒரே தூசி. இருமிக்கிட்டேதான் இதை எழுதறேன்.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் எப்படி இருக்கு? சுடுதண்ணி குடி.

கட்டு பிரிச்சாச்சு. கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடக்கு. டிப்போவில இப்போதைக்கு, பயணிகள் மறந்துட்டுப் போன சாமான் அறையில உட்கார வைச்சிருக்காங்க. குடை குடையா அடுக்கிட்டு, ஒத்தைச் செருப்பை எவன் எப்படி மறப்பான்னு யோசிச்சுட்டிருக்கேன். ஜன்னல்ல என் வண்டியை வேற ஒருத்தன் எடுத்துட்டுப் போறான். கியரை அவன் மாத்தற சத்தம் கேட்டா என் பல்லு கூசுது.

திருடன் திருடத்தான் வருவான் அக்கா. அவனை உள்ளே விடாத கதவுக்கும் சேத்துத்தான் நான் வாடகை கொடுக்கிறேன். கதவு இல்லாத இடம்னா மரத்தடி போதுமே, அதுக்கு வாடகை கிடையாது.

நம்ம அப்புறம் பார்க்கலாம் பதில் அனுப்பிட்டார். பூட்டெல்லாம் நல்லாத்தான் இருந்ததாம். குடித்தனக்காரங்கதான் சோம்பேறித்தனமா செங்கல் வைச்சுத் திறந்து போட்டாங்களாம். அன்னிக்கு யார் வைச்சாங்கன்னும் கேட்டிருக்கார். வக்கீலம்மா என் முகத்தைப் பாத்தாங்க. சொல்லிட்டேன். பால் வாங்கப் போறப்ப செங்கல்லை வைச்சது நான்தான். கோர்ட்டுலயும் அப்படியேதான் சொல்லப் போறேன்.

எங்க டிப்போவில ஒரு வழக்கம் உண்டு. பிரேக் சரியில்லைன்னு டிரைவர் சொன்னா அந்த வண்டி வெளியே போகக் கூடாது. சொன்னதுக்கப்புறமும் "எடுத்துட்டுப் போ, பாத்துக்கலாம்"னு மேனேஜர் அனுப்பினா, இடிச்சா உருள்றது அவர் தலை. நான் சொன்னேன். ஒவ்வொரு மாசமும் அவர் முகத்துக்கு நேரா சொன்னேன். இதுல நான் எதுக்குப் பயப்படணும்?

அது போகட்டும். மாடியில பெயிண்ட்டா? அப்போ டீச்சர் எங்கே?

உன் தங்கச்சி


மே 14

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதத் தாமதமாயிடுச்சு. வீட்டுல ஓயாத வேலை. கைக்குப் பயிற்சி பண்றியா?

உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? நீயே போய் "நான்தான் வைச்சேன்"னு சொன்னா அப்புறம் கேஸ் எதுக்கு? யார் வைச்சாங்கன்னு தெரியாதுன்னு சொல்லு. அது பொய்யும் இல்லை, எல்லாரும்தானே வைக்கிறீங்க. இல்லாட்டி சமாதானமாப் போ. வீட்டுக்காரர் ஏதாவது கொடுக்கிறேன்னா வாங்கிட்டு முடி.

எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்துடு. மாடி காலியாத்தான் இருக்கு, உனக்கு வாடகையா கேட்கப் போறேன்? டீச்சர் வேற இடம் பாத்துட்டுப் போயிட்டாங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க சௌகரியம்.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? மாடிக்கு வரச் சொன்னதுக்கு நன்றி. தாழ்ப்பாள் மாத்தியாச்சான்னு நீ எழுதலை, அதனால இப்ப வரலை.

நேத்து கோர்ட்டுல என் முறை. வீட்டுக்காரர் பக்கத்து வக்கீல் அந்தச் செங்கல்லையே ஒரு துணிப்பையில போட்டு எடுத்துட்டு வந்திருந்தார். மேஜை மேல வைச்சார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

"இது யார் வைச்சதுன்னு தெரியுமா?"

"தெரியும். நான்தான் வைச்சேன்."

மனுஷன் அடுத்து நாலு கேள்வி தயாரா வைச்சிருந்தார் போல, எல்லாம் வீணாப் போச்சு. "அப்போ திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டது நீங்கதான்?"ன்னார்.

"ஆமா. கல்லை வைக்கலைன்னா பால் பாக்கெட்டோட தெருவுலதான் நிக்கணும். வாடகைக்கு இருக்கிறவ தன் வீட்டுக்குள்ள போறதுக்குக் கல்லு தேவைப்படுதுன்னா, கேள்வியைப் பூட்டோட சொந்தக்காரரைக் கேளுங்க."

நீதிபதியம்மா பேனாவை வைச்சுட்டு என்னைப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, நான் எழுதணும்"னாங்க.

அடுத்து எங்க கீழ்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் சாட்சி சொன்னார். நாள் முழுக்க மத்தவங்களுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி விடறவர், வாய் திறந்தே நான் கேட்டதில்லை. "வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும்போது அந்தக் கல்லைத் தாண்டித்தான் வருவார். போகும்போது கல்லு நகர்ந்திருந்தா பூட்ஸால தள்ளி அவரே முட்டுக் கொடுத்துட்டுப் போவார்"னார். அப்புறம் பார்க்கலாம் முகத்தைப் பாக்கணுமே! ஈயாடலை. தீர்ப்பு அடுத்த மாசம்.

உன் தங்கச்சி


ஜூன் 9

அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடலை. முட்டிவலின்னு நினைச்சுட்டிருந்தேன். இப்பத்தான் புரியுது.

நான் வேலை செய்யற டிப்போ பேர் டீச்சருக்கு ஞாபகம் இருந்திருக்கு. அங்க போன் பண்ணிட்டாங்க. பேச்சு வேற மாதிரி இருந்தது, முதல்ல யாருன்னே தெரியலை. முன்பல்லு ரெண்டும் இல்லாம பேசறாங்கன்னு அப்புறம்தான் சொன்னாங்க.

நீ எழுதாததை நான் எழுதறேன். பிப்ரவரியில ஒருத்தன் இரும்புப்படி ஏறி வந்து பின்கதவைத் தள்ளியிருக்கான். நாற்காலி நகர்ந்துடுச்சு. சத்தம் கேட்டு அவங்க ஓடி வந்து கதவை அழுத்திப் பிடிக்கப் பாத்திருக்காங்க. கதவே முகத்துல அடிச்சிருக்கு. மூணு தடவை உங்ககிட்ட தாழ்ப்பாளைப் பத்திச் சொல்லியிருந்தாங்களாம். அத்தான், "ஒரு தாழ்ப்பாளை இழுத்துப் போடத் தெரியலை, இவங்க கணக்கு சொல்லித் தர்றாங்களாம்"னு சிரிச்சாராம். நீ பக்கத்துல நின்னியாம். தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டியாம்.

என் முதல் கடிதம் உனக்கு வந்தப்ப டீச்சர் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயாச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ மாடி முழுக்கப் பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கே. பையைக் கொடுத்துட்டு வந்திருக்கலாமேன்னு எனக்கு எழுதினியே, அவங்ககிட்ட என்ன சொன்னே?

டீச்சருக்கு என் வக்கீலம்மா விலாசத்தைக் கொடுத்துட்டேன். வேற யார் சொல்லியும் உனக்கு இது தெரிய வேண்டாம். நான் கொடுத்தேன், நான் சொல்றேன். திட்டணும்னா திட்டு. ஆனா திருப்பி வாங்க மாட்டேன்.

உன் தங்கச்சி


ஜூன் 17

நோட்டீஸ் வந்துடுச்சு. என் பேர்ல. வீடு என் பேர்ல இருக்குன்னு உனக்கு நல்லாத் தெரியும். அம்மா போனப்புறம் உனக்குத் தலை வாரி விட்டு, பாவாடைக்கு ஊக்கு குத்தி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவ பேர்ல. வளர்த்த கடா மார்புல பாயும்னு சொல்லுவாங்க. பாய்ஞ்சுட்டே. அவர் சாப்பிடாம உட்கார்ந்திருக்கார். இனிமே எனக்கு எழுதாதே.


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதேன்னே. எழுதறேன். நான் எப்ப நீ சொன்னதைக் கேட்டிருக்கேன்?

எழுத்தைப் பாத்தியா? வலது கை. கொஞ்சம் நடுங்குது, ஆனா என் கைதான். டாக்டர் வண்டி எடுக்கலாம்னுட்டார். திங்கக்கிழமை முதல் டிரிப். டிப்போ வாசல்ல ஒருத்தன் குறுக்கே பைக்கை நிறுத்தியிருந்தான். ஹாரனை நல்லா நீட்டி அடிச்சேன். தெருவே திரும்பிப் பாத்தது. அவ்வளவு சந்தோஷம்.

தீர்ப்பு வந்தாச்சு. பொறுப்பு அப்புறம் பார்க்கலாமோடது. செங்கல் வைச்சதுல என் பங்கும் கொஞ்சம் இருக்குன்னு நஷ்டஈட்டுல கொஞ்சம் கழிச்சுட்டாங்க. கழிக்கட்டும். நான் வைச்சதுக்கு நான் கட்டறேன், அவர் வைக்காததுக்கு அவர் கட்டட்டும். கதவுல புதுப் பூட்டு போட்டாச்சு. சாவி திருப்பினா வெண்ணெய் மாதிரி திறக்குது. கண்ணாடிக்கடைக்காரர் தினம் ரெண்டு தடவை சும்மாவே திறந்து மூடறார்.

டீச்சர் விஷயத்துல நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ தலை வாரி விட்டதையும் மறக்க மாட்டேன். ரெண்டும் என்கிட்ட இருக்கும்.

தைலம் தேய்.

உன் தங்கச்சி


ஆகஸ்ட் 20

வாயாடித் தங்கச்சிக்கு,

நலம். முட்டிவலி அப்படியேதான் இருக்கு, பாட்டிலும் அப்படியே இருக்கு. எழுதாதேன்னு சொன்னவ எழுதறேன், சிரிக்காதே.

நீ திரும்ப வண்டி எடுத்ததை ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் ஒரு மத்தியானம், அவர் வெளியே போயிருந்தப்ப, மாடிக்குப் போனேன். பெயிண்ட் வாசனை இன்னும் போகலை. டீச்சர் வைக்கிற மாதிரியே பின்கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். முன்பக்கமா இறங்கி, சுத்தி வந்து, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அந்த இரும்புப்படி ஏறினேன். தோளால ஒரு தள்ளு தள்ளினேன். நாற்காலி வழுக்கிட்டுப் போய் எதிர்ச் சுவர்ல முட்டிச்சு. முட்டிவலிக்காரி நான், ஒரே தள்ளுல உள்ளே நிக்கறேன். அங்கேயே தரையில உட்கார்ந்து அழுதேன். அவங்க அந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க, நான் கீழே டிவி பாத்துட்டிருந்தேன்.

அவர் வக்கீலை வைச்சு நோட்டீஸுக்குப் பதில் தயார் பண்ணியிருந்தார். தாழ்ப்பாள் நல்லாத்தான் இருந்தது, குடியிருந்தவங்க கவனக்குறைவுன்னு. நீ எழுதின அந்தச் செங்கல் கதையேதான். வீடு என் பேர்ல இருக்கிறதால நான்தான் கையெழுத்துப் போடணும். பேனாவைத் திறந்து கையில கொடுத்தார்.

"கையெழுத்துப் போடு."

"அப்புறம் பார்க்கலாம்"னேன்.

பேனாவை மூடி அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்தேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதையே சொன்னேன். மூணாம் நாள் நானே வேற பதில் எழுதி அனுப்பிட்டேன். தாழ்ப்பாள் பிடிக்காதது எனக்குத் தெரியும், மூணு தடவை சொன்னாங்க, நான் பக்கத்துல இருந்தேன். அவ்வளவுதான் எழுதினேன். அவர் இன்னும் பேசலை. பேசலைன்னா ஸ்பீக்கரும் இல்லை, நீ இனிமே போன்லயே பேசலாம். ஆனாலும் எழுது.

மாடிப் பின்பக்கம் இரும்புக் கதவு போட்டாச்சு. டீச்சர் புது வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தாங்க, அப்புறம்தான் உள்ளே வாங்கன்னாங்க. கேஸை வாபஸ் வாங்க மாட்டேன்னாங்க. நான் அதைக் கேட்க வரலைன்னு சொன்னேன். அப்புறம் நீ கோர்ட்டுல சொன்னதையெல்லாம் சொன்னேன். கையால வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க.

நீ கடிதத்துக்குக் கடிதம் டீச்சரைக் கேட்டே, நான் ஒரு தடவையும் நேராப் பதில் எழுதலை. இப்ப எழுதறேன். டீச்சர் உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.

உன் அக்கா